ஜன்னல் சாத்திய சனிக்கிழமை

கைப்பேசி காட்டியது நூற்று முப்பத்தேழு.
சுவா சூ காங்கில் எங்கள் எதிர் புளோக்கை
யாரோ பென்சிலால் வரைந்து
விரலால் தேய்த்துவிட்டிருந்தார்கள்.
ஜன்னல்களைச் சாத்தினேன்.
கதவிடுக்கில் ஈரத்துண்டைச் செருகினேன்.
சுவைக்க வருகிறவர்களுக்கு
மூக்குதானே முதல் நாக்கு.

ஆளுக்கு மூன்றாக ஒன்பது கோப்பைகள்.
ஏழுதான் துலிப் வடிவம்.
மற்ற இரண்டும் ஜாம் போத்தல்கள்,
பூன் ஹெங்குக்கு.
அவன் குறை சொல்ல மாட்டான்.
பெயர் தெரியக்கூடாதென்று
விஸ்கிகளுக்குக் காலுறை மாட்டியிருந்தேன்.
என்னுடையவைதான், துவைத்தவை.
செங்குட்டுவன் குனிந்து முகர்ந்து,
"முதல்ல இதுக்கு மார்க் போடவா?" என்றான்.

ஒன்று.
"சீனப் புத்தாண்டு முடிஞ்சு
மேசையில கிடக்குற ஆரஞ்சு" என்றான் பூன் ஹெங்.
பள்ளியில் பழகிய தமிழ் அவனுக்கு, எங்களோடு.
"பேரீச்சை. நோன்பு மாசத்துல
பக்கத்து வீட்டுலேர்ந்து வந்தது" என்றான் செங்குட்டுவன்.
நான் ஷெரி பீப்பாய் என்று எழுதினேன்.
எங்கோ படித்தது.
நாக்குக்குத் தெரியாததையும்
கை எழுதிவிடுகிறது.

இரண்டு.
உறிஞ்சுகுழலால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதும்
ஓரமாய் உட்கார்ந்திருந்த ஆள்
திடீரென்று பேசத் தொடங்கியதுபோல் இருந்தது.
தேன், வைக்கோல்.
மூவரும் ஒத்துக்கொண்டோம்.
மூவருமே இந்தத் தீவில் பிறந்தவர்கள்,
வைக்கோலை எவனும் முகர்ந்ததில்லை.

மூன்று,
கோப்பையைத் தூக்குமுன்பே வந்துவிட்டது.
"தார். அயோடின். வெல்டிங் முடிஞ்ச கப்பல்."
துவாஸில் பதினெட்டு ஆண்டு போட்டவன் சொன்னான்.
"நாத்தம்" என்றேன்.
"பழந்தமிழ்ல நாற்றம்னா நறுமணம்."
"பழந்தமிழ்ல இது என்ன விலை?"
இங்கே நூற்று அறுபத்தெட்டு வெள்ளி, வரி உட்பட.
நான் ஒன்பது போட்டேன், அவன் ஒன்பதரை.
பூன் ஹெங் பத்து போட்டு, வெட்கப்பட்டு,
ஒன்பதே முக்கால் என்று திருத்தினான்.

பத்தேகாலுக்கு வேலை முடிந்து வந்தாள் இன்பவல்லி.
ஈரத்துண்டைக் காலால் தள்ளினாள்.
முகக்கவசத்தைக் கழற்றிய பிறகும்
மூக்கின் மேல் அதன் கோடு இருந்தது.
"வார்டுல இன்னிக்குப் பதினோரு பிள்ளைங்களுக்கு
நெபுலைசர்" என்றாள், யாரிடமும் இல்லாமல்.
குடிக்க மாட்டாள்.
என் மூன்றாவது கோப்பையை எடுத்து
ஒருமுறை முகர்ந்தாள்.
"இதுக்கா காசு கொடுத்தீங்க?
வெளியில சும்மா கிடைக்குதே."

சிரித்தோம்.
சிரிப்பு சீக்கிரமே தீர்ந்துவிட்டது.

குளிர்க்கடலோரத் தீவொன்றில்
சதுப்பில் மக்கிய பாசியை வெட்டிக் காயவைத்து
அந்தப் புகையில் பார்லியை வாட்டுகிறார்கள்.
நீரிணைக்கு அப்பால்
சதுப்பில் மக்கிய காட்டின் தண்ணீரைக்
கால்வாய் வெட்டி வடித்துவிட்டார்கள்.
அது தரைக்கடியில் எரிகிறது,
மேலே நடப்பவனுக்குத் தெரியாமல், வாரக்கணக்கில்.
இரண்டுமே ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்
வளர்ந்தால் அதிகம் என்கிற மண்.
ஒன்று பன்னிரண்டு ஆண்டு பீப்பாயில் உறங்கி
அட்டைப்பெட்டியில் வந்தது.
மற்றது வயது சொல்லவில்லை,
சுங்கத்தில் நிற்கவில்லை.

பூன் ஹெங் எழுந்து ஜன்னலை
ஒரு சாண் திறந்தான்.
விஸ்கியை முகர்வதுபோலவே,
வாயை லேசாகத் திறந்து,
முகத்தை வெளியே நீட்டினான்.
திரும்பி வந்து தாளில் நான்கு என்று போட்டான்.
மூக்கு: ஈரக்கரி, பழைய சாம்பல், கொஞ்சம் இனிப்பு.
இனிப்பை அடித்துவிட்டு
மறுபடி எழுதினான்.
முடிவு என்கிற கட்டத்தில்
பேனாவை வைத்துக்கொண்டு
இருமினான், இருமிக்கொண்டேயிருந்தான்.

"சாத்துங்க" என்றாள் இன்பவல்லி.

அவர்கள் போனபின் காலுறைகளை உருவினேன்.
மூன்றிலும் ஒரே வாசனை.
அல்லது என் மூக்கில்.