நெகட்டிவ்

குறுக்கே ஒரு லாமா.
பிரேக் பிடித்தேன்; வண்டி யோசித்தது.
இறங்கிக் குனிந்து பார்த்தால்
ஃபோர்க் குழாயில் வழிந்த எண்ணெய்
டிஸ்க் வரை போயிருக்கிறது.

உயூனியில், உப்புமேல் ஓடும் வண்டிக்கு
இது வராமலிருந்தால்தான் ஆச்சரியம்.
சீலின் உதட்டுக்குள் ஒரே ஒரு பரல் போதும்.

புது சீல் லா பாஸிலிருந்து வரப் பத்து நாள்.
விடிந்தால் உப்பைத் தாண்டி
யிகாவுக்கு இன்சுலின் போயாக வேண்டும்.

“பழைய ஃபிலிம் ஏதாவது கிடக்கிறதா, காசில்டா?”
டயர் கடை எலெயூதெரியோ கேட்டான்.
கிடந்தது. டிராயர் அடியில்
கல்யாண நெகட்டிவ்:
கறுத்த பற்களோடு சிரிக்கும் ரெமிகியோ,
கன்னங்கரேலென்ற கவுனில் நான்.

ஓரத்தில் கொக்கியாக வெட்டி
குழாய்க்கும் சீலுக்கும் நடுவே செருகி
ஒரு சுற்று.
மண், உப்பு, ஏதோ பூச்சியின் கால்.
அவன் முகம் எண்ணெயில் மின்னியது,
அன்றைக்குப் போலவே.

பிரேக் கட்டைகளை மாற்றினேன்.
ஹேண்டிலை அமுக்கி அமுக்கி
இருபது தடவை.
இடது காய்ந்துவிட்டது.
வலதில் இன்னும் மெல்லிய வளையம்,
டீ டம்ளர் வைத்தெடுத்த தடம்போல.

அதன்மேல் ஒரு சாக்ஸைச் சுற்றிக் கட்டினேன்.
மிச்ச ஃபிலிமைத் தூக்கிப் போடவில்லை.
இன்னும் நாலு படம் இருக்கிறது,
மாமியார் தனியாக நிற்பது உட்பட.