நீங்கலாக

ரிக் வண்டியைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்.
ராய்ப்பூர்ப் பக்கம் கம்ப்ரசர் கவிழ்ந்தால்
எத்தனை மணிக்குள் சொல்ல வேண்டும்,
சர்வேயர் வரும்வரை எந்த போல்ட்டைத் தொடக்கூடாது,
ரப்பருக்கு எவ்வளவு கழிப்பார்கள், கண்ணாடிக்கு எவ்வளவு.
பதினோரு வருடமாகத் திருச்செங்கோட்டில்,
சங்ககிரி ரோட்டு மாடியறையில்,
இதுதான் எனக்குச் சோறு.

மகளின் பல் விஷயத்தில்
மேலும் கீழும் விழித்தேன்.

சனிக்கிழமை மட்டும் ஈரோட்டிலிருந்து வரும் டாக்டர்
படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.
கீழ்ப்பற்கள் மேல் அண்ணத்தைக் குத்துகின்றன,
தினமும், ஒவ்வொரு வாய்ச் சோற்றுக்கும்.
கம்பி இரண்டு வருடம். அறுபத்தெட்டாயிரம்.
ஒரு ஹேமர் தேய்ந்தால்
முதலாளி டீ குடித்துக்கொண்டே கொடுக்கிற பணம்.

ஆபீஸ் எடுத்துக் கொடுத்த பாலிசி நாற்பத்து நான்கு பக்கம்.
பதினேழாம் பக்கம் 'பல் சிகிச்சை உண்டு' என்றது.
உண்டு என்றதும் மூடிவைக்கிற ஆள் இல்லை நான்.
இருபத்தொன்பதில் இருந்தது அது,
எறும்பு எழுத்தில், இங்கிலீசில்.
எனக்கு அது தமிழில்தான் கேட்டது:
நீங்கலாக.

பழக்கமான சொல்.
அப்பன் என் பேருக்கு எழுதிய முக்கால் ஏக்கராவில்
'கிணற்றுப் பாத்தியம் நீங்கலாக' என்று ஒரு வரி உண்டு.
காடு என்னுது. தண்ணி அண்ணனுது.

ஏஜெண்ட் அங்கமுத்துவுக்குப் போன் போட்டேன்.
"விபத்துல ஒடஞ்சா உண்டுங்க அம்முணி.
மொளச்சதே கோணைன்னா
அழகுக்குப் பண்றதுல போயிருமுங்க."

அன்று சாயங்காலம் சம்யுக்தா
சைக்கிளில் மேட்டிலிருந்து பிரேக் பிடிக்காமல் இறங்கினாள்.
ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம்,
கணக்குப் போட்டேன்.
எழுதவே கூசுகிறது.
ஓடிப்போய் ஹேண்டில்பாரைப் பிடித்தேன்.
"என்னம்மா?" என்றாள்.
ஒன்றுமில்லை கண்ணு, காற்று கம்மியாயிருக்கு.

கம்பி மாட்டும் முன்பே கேட்க வேண்டும்,
மாட்டிய பிறகு கேட்டால்
எரிந்த வண்டிக்குப் பாலிசி எடுத்த கதை.
டாக்டரிடம் கடிதம் வாங்கினேன்:
அழகுக்கு அல்ல, அண்ணத்தில் புண்.
படம் வைத்தேன், எஸ்டிமேட் வைத்தேன்,
ரிக்குக்கு வைப்பது போலவே
மூலையில் நம்பர் போட்டு, பின் குத்தி.

பத்தொன்பதாம் நாள் பதில்.
எக்ஸ்ரே உண்டு.
இடமில்லாமல் பிடுங்கவேண்டிய இரண்டு பல் உண்டு.
கம்பி இல்லை.

பல்லைப் பிடுங்கக் காசு தருகிறார்கள்.
இருக்கிற பல்லை நேராய் நிறுத்த
தர மாட்டார்கள்.

மல்லசமுத்திரத்துச் சீட்டை
தள்ளிக் கேட்டு எடுத்தேன்.
மீதிக்கு மாசாமாசம் கம்பி முறுக்கும் நாளில் தவணை.
வீட்டுக்காரர் வண்டியிலிருந்து வீடியோவில் வந்தார்,
முகமெல்லாம் மண், பின்னால் பைப் இறங்குகிற சத்தம்.
"கிரில் வெச்சாச்சா? எங்க, முன்பக்கம் காட்டு."
ஆறு நாளாய் வாயைத் திறக்காதவள்
பிரேக்கெட் பிரேக்கெட்டாய்ச் சிரித்தாள்.

ராத்திரி பதினோரு மணிக்கு
பேங்கிலிருந்து மெசேஜ் வந்தது.
இரண்டாயிரத்து முந்நூற்றுப் பத்து.
பிடுங்கிய இரண்டையும்
டாக்டர் கொடுத்த ஜிப் கவரில் வைத்திருந்தாள்.
"அப்ப இது ரெண்டும் இன்சூரன்ஸ்காரங்களுதாம்மா?"

முழு நஷ்டம் என்று பணம் கொடுத்தால்
சால்வேஜ் கம்பெனிக்குச் சொந்தம்.
வண்டிக்கு அதுதான் சட்டம். அவளிடம் சொன்னேன்.

கவர் பிரிட்ஜ் மேல் இருக்கிறது.
இதுவரை யாரும் எடுக்க வரவில்லை.