லண்டன் நம்பர்

குகதாசன் அனுப்பிய பெட்டி
யாரோ ஒருவரின் கலியாண உடுப்புகளுக்கு நடுவில்
கட்டுநாயக்காவில் இறங்கி,
ஒட்டுசுட்டான் சந்தி வரை பஸ்ஸில் நின்று,
முத்தையன்கட்டு இடதுகரைக்கு
என் சைக்கிள் கரியரில் வந்தது.

வயரில்லாத போன் என்றான்.
திறந்தால் மூன்று வயர்.
ஒன்று கறன்டுக்கு, ஒன்று ரவுட்டருக்கு.
மூன்றாவது எதற்கென்று இன்றைக்கும் தெரியாது,
லாச்சிக்குள் கிடக்கிறது.

கடவுச்சொல்லை வட்ஸ்அப்பில் வாசித்தான்:
பெரிய எம், சின்ன கே, ஏழு, ஏழு, ஆச்சரியக்குறி.
ஆச்சரியக்குறியை நான் தேடி முடிப்பதற்குள்
அவனுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது.
துளசிகா பள்ளிக்கூடத்தால் வந்து
சப்பாத்துக் கழற்றாமலே ஒரு விரலால் முடித்தாள்.
மினுங்கிக்கொண்டிருந்த செம்மஞ்சள்
பச்சையாய் நின்றது.

இனி உங்கட வீடு லண்டன் வீடு என்றான்.
நம்பர் லண்டன் நம்பர்.
அங்கிருந்து அடிக்கிறவர்களுக்கு
நாங்கள் அடுத்த தெருவாம்.
தகரத்தில் குரங்கு குதித்தது.
அதற்கு அது தெரியாது.

எவ்வளவு தூரம் கேட்கும் என்று பார்க்க
போனைக் காதில் வைத்தபடி நடந்தேன்.
கிணத்தடி, கேட்குது.
முருங்கை, கேட்குது.
கோழிக்கூடு, கொஞ்சம் கரகரப்பு.
கச்சான் பாத்தியின் மூன்றாம் வரியில்
பீப் என்று ஒரு சத்தம், பிறகு ஒன்றுமில்லை.
ஒரு எட்டுப் பின்னுக்கு. கேட்குது.
ஒரு எட்டு முன்னுக்கு. இல்லை.

மீளக் குடியேறிய வருசம்
சிவப்புத் தலைக் கட்டைகளுக்கு நடுவே
இதே வளவில் இப்படித்தான் கால் அளந்து வைத்தேன்.

இப்போது அந்த வரியில் ஒரு தடி நட்டு
உரப்பைத் துண்டு கட்டியிருக்கிறேன்.
அதற்கு அங்கால் லண்டன் இல்லை.

சொந்தக்காரர் இரண்டு கிழமை அடித்தார்கள்.
பிறகு மாதத்துக்கு ஒருக்கால்.
விடாமல் அடித்தவர்கள் வேறு ஆட்கள்.
"இஸ் இட் பாரி?"
எட்டாம் வகுப்பில் படித்த பாரி ஒருவனைத்தான் எனக்குத் தெரியும்,
முல்லைக்குத் தேர் கொடுத்தவன்.
இந்த முல்லைக்கு அவன் ஒன்றும் அனுப்பவில்லை.

குகதாசன் விசாரித்துச் சொன்னான்:
கூரை ஒழுக்குத் திருத்துகிற வெள்ளைக்காரனாம்.
நம்பரைக் கைவிட்டுப் போய்விட்டான்,
கம்பனி அதை எடுத்து எங்களுக்குத் தந்ததாம்.
மாத்தலாம் அக்கா, காசு முடியும் என்றான்.
கிடக்கட்டும் என்றேன்.

மார்கழி. இரவு இரண்டு மணி. மழை.
அங்கேயும் மழை போல.
ஒரு பெண், குரலில் வயது பிடிபடவில்லை,
கட்டிலுக்கு மேலே ஒழுகுது என்கிறாள்,
பாரி, ப்ளீஸ் பாரி என்கிறாள்.

பாரி இல்லை என்று சொல்ல
எனக்கு இருக்கிற இங்கிலீசு போதும்.
சொல்லவில்லை.
பத்து மாதம் தறப்பாளின் கீழ் கிடந்தவள் நான்.
தண்ணி முதலில் எங்கே கனக்கும்,
எப்படி மெல்ல மெல்ல நகர்ந்து
பிள்ளையின் தலைமாட்டுக்கு வரும் என்றெல்லாம்
யாரும் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

"பக்கெற்," என்றேன். "புட் பக்கெற்."
அவள் பேச்சை நிறுத்தினாள்.
"குளோத் இன்சைட். நோ சவுண்ட்."

வாளிக்குள் ஒரு பழந்துணி போட்டால்
சொட்டுகிற சத்தம் இராது, நித்திரை கொள்ளலாம்.
இதை முழுதாய்ச் சொல்ல
சொல் தேடிக்கொண்டிருக்கையில்
கறன்ட் போய்விட்டது.
பச்சை விளக்கு, ரவுட்டர், லண்டன், எல்லாம் போய்
கையிலிருந்தது மட்டும் பற்றறியில் வெளிச்சமாய்
தேடுகிறது தேடுகிறது என்று
தன் தாங்கியைத் தேடிக்கொண்டிருந்தது,
அது மூன்றடி தள்ளி மேசையில் இருக்க.

விடிய, திரையில் ஒரு தவறிய அழைப்பு.
திருப்பி அடிக்க விரல் போனது.
யார் என்று கேட்டால்
பாரி என்று சொல்லிவிடுவேனோ என்று பயம்.

குசினி வாளி நிரம்பியிருந்தது.
துணியைப் பிழிந்துவிட்டு
ஊற்றக் கொண்டுபோனேன்.