கட்டைவிரல்

ஸ்டாண்டு கிடையாது. கேரியர் கிடையாது. மட்கார்டும் இல்லை.
"பெல்லு தனியா வாங்கிக்கிருங்க" என்றார் சிக்கந்தர்.
பதினாறாயிரம் எண்ணிக் கொடுத்த பிறகு
பெல்லுக்குப் பேரம் பேச
வாய் வரவில்லை.

கீழ்வீட்டு ராம்பாய் சுற்றிவந்து பார்த்தாள்.
"தண்ணிக் கேனை எங்கிட்டு வைப்ப?"
சுவரில் சாய்த்தேன், சரிந்தது.
தூணில் சாய்த்தேன்.
முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது
விலை படியாத மாடு மாதிரி.

முதல் வாரம் முழுக்க
அரசரடி சிக்னலில் என் கட்டைவிரல்
பழைய பெல்லைத் தேடியது.
பெல் இருந்த இடத்தில் கியர்.
ஷேர் ஆட்டோவை விலகச் சொன்னால்
சங்கிலி விலகும்.
மிதி காற்றில் சுழல, நடுரோட்டில்
ஒற்றைக்காலில் நான்.
முன்னால் போகிறவருக்கு ஒன்றும் தெரியாது.
பின்னால் வருகிறவருக்கு எல்லாம் தெரியும்.

பால்பூத் சந்தில் இரண்டு ஸ்கூட்டருக்கு நடுவே
நான் நுழைந்தேன், ஹேண்டில்பார் நுழையவில்லை.
சீட்டைப் பற்றிக் கேட்காதீர்கள்.
ஸ்கேன் சென்டரில் மூன்று நாள்
நின்றபடியே டோக்கன் கொடுத்தேன்.

ஞாயிறு விடியல். கீழக்குயில்குடி தாண்டி
தார் முடிந்து சரளை, சரளை முடிந்து பாறை.
ரோட்டில் உறுமிக்கொண்டே வந்த டயர்
இங்கே பேச்சை நிறுத்திவிட்டு
பல் பல்லாய்க் கல்லைக் கவ்வியது.
ஏற்றம் நிமிர்ந்தபோது
நான் நினைக்குமுன் விரல் தட்டியது.
சங்கிலி ஒரு படி இறங்கி உட்கார்ந்தது,
டக்.
நடப்பதைவிட மெதுவாக,
ஆனால் கால் ஊன்றாமல்,
சமணமலையின் பின்முதுகில் ஏறிக்கொண்டிருந்தேன்.
கூடவே வந்த வெள்ளாடு ஒன்று
முந்திப்போய் மேலே நின்று
திரும்பிப் பார்த்தது.
ஆட்டுக்காரி ஒச்சம்மாள் கத்தினாள்:
"எறங்கித் தள்ளுத்தா, இங்க யாரு பாக்குறா!"
யாரும் பார்க்கவில்லை.
அதனால்தான் இறங்கவில்லை.

இறக்கத்தில் விழுந்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.
முன்பிரேக். வலதுகை. சீமைக்கருவேலம்.
முழங்கையில் ஒடிந்த முள்
செவ்வாய்க்கிழமைதான் வெளியே வந்தது.

நேற்று வண்டி பஞ்சர் கடையில்.
நாத்தனார் மகளின் பழைய சைக்கிளில்
மாவு வாங்கக் கிளம்பினேன்.
பாலத்து ஏற்றத்தில்
கட்டைவிரல் கியரைத் தட்டியது.
ட்ரிங் என்றது.
முன்னால் பூக்கூடையோடு போனவர்
சட்டென்று ஓரமாய் ஒதுங்கி
வழிவிட்டுக் காத்திருந்தார்.
வழி இருந்தது.
எல்லோரும் பார்க்க
இறங்கித் தள்ளினேன்.