அறுபது வரை

விளக்கு நகங்களுக்கானது.
ஞாயிறு ராத்திரி மட்டும் எனக்கு.
திங்கள் ஒன்பதுக்கு முதல் வாடிக்கையாளர்,
அதற்குள் மேசையில் இருக்க வேண்டும் என்று
சாவியோடு சேர்த்துச் சொன்னாள் சோல்வி.
அக்கா. சொன்னால் சொன்னதுதான்.

விளக்குக்கு ஒரே ஒரு வியாதி:
எரியும், அணையத் தெரியாது.
நேரம் பார்க்கும் பலகை உள்ளே கருகிப்போய்
மூன்று வாரமாக வாயால் எண்ணுகிறாள்,
அடுத்தவர் விரல்கள் ஊதா வெளிச்சத்தில் கிடக்க,
ஒரு ஊர்வம்பு கேட்க வழியில்லாமல்,
ப்ளக்கில் ஒரு கையை வைத்துக்கொண்டு
அறுபது வரை.

ஓஸ்லோவிலிருந்து புதிது வரும்,
புயல் விட்டால், கப்பல் வந்தால்.
நானே செய்கிறேன் என்றேன்.
எதை வைத்து?
உன் விளக்கை வைத்துத்தான்.

வெயிலில் காட்டினாலே போதும் என்கிறது
செம்புப் பலகை வந்த உறை.
எந்த ஊர் வெயில்?
வார்டோவில் சூரியன் நவம்பரிலேயே கடையைச் சாத்தியாயிற்று.
கோட்டையில் பீரங்கி வெடித்து வரவேற்க
இன்னும் பத்தொன்பது நாள்.
மதியத்தில் ஒரு நீலம் எட்டிப்பார்க்கும்,
துறைமுகத்துக் கயிறுகளை எண்ணிவிட்டுப் போய்விடும்.

குளியலறை பல்புக்கு மஞ்சள் தாளில் ஒரு சட்டை.
மீன் ஆலையின் கைப்பந்து அணியைச் சுவரிலிருந்து இறக்கி
கண்ணாடியை மட்டும் கழற்றிக்கொண்டேன்.
பதினான்கு பேரும் வாஷிங் மெஷின் மேலிருந்து
வேடிக்கை பார்த்தார்கள்.

பலகையின் கறுப்புத் தோலை உரித்தால்
அடியில் பச்சைப் படலம்,
ஆலையை விட்டு வந்தபின் வெளிச்சமே காணாதது.
அதன்மேல் நான் வரைந்த கோடுகள்,
ஒன்றின்மேல் ஒன்றாய் இரண்டு தாளில்,
கறுப்பு கறுப்பாகவே இருப்பதற்காக.
அதன்மேல் கண்ணாடி.
விளக்கைக் கவிழ்த்தேன். ஒன்று, இரண்டு.

(துண்டுப் பலகையில் முன்பே ஒத்திகை:
முப்பதில் சலனமே இல்லை.
இருநூறில் கோடுகளும் சேர்ந்து ஓடிவிட்டன.
நூற்றுப்பத்து என்று குளியலறைச் சுவரில்
பென்சிலால் எழுதியிருக்கிறேன்.
வீட்டுக்காரர் பார்த்தால் கேட்பார்.)

கிறிஸ்துமஸ் மீனுக்கு வாங்கி மிஞ்சிய காஸ்டிக் சோடா,
லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி.
வெளிச்சம் தொட்ட இடமெல்லாம்
பச்சைப் புகையாய்ப் பிரிந்து போக
தொடாத இடம் நின்றது.
இதை எத்தனை தடவை பார்த்தாலும்
மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்க்கிறேன்.

பிறகு ஐஸ்கிரீம் டப்பாவில் துருநிற அமிலம்,
டப்பா வெந்நீர்த் தொட்டியில்.
அலையில் படகு போகும்போது
காபியைச் சிந்தாமல் பிடிப்பவன்போல
இருபது நிமிடம் ஆட்டினேன்.
சோல்வியின் வெள்ளைத் துண்டு ஒன்று பலி.

கடைசியில் அவள் கடையின் நகப்பூச்சு அழிப்பான்,
பஞ்சில் ஒரு சொட்டு.
பூச்சு வழித்த விரல்போலச்
செம்பு வெளியே வந்தது.
மூலையில் அவள் பெயர்கூட வந்தது,
வலமிருந்து இடமாக.

தாளைப் புரட்டி வைத்திருக்கிறேன்.
மணி இரண்டரை. வேறு பலகை இல்லை.
ஐந்து நிமிடம் ஒன்றும் செய்யவில்லை,
குளியல் தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்தேன்.
கைப்பந்துக்காரர்கள் ஒன்றும் சொல்லவில்லை.

மின்தடைக்கு இடம் வலம் கிடையாது.
மின்தேக்கியைத் திருப்பி நிறுத்திவிடலாம்.
சிப்புக்குத்தான் எட்டுக் காலும் வரிசை மாறக்கூடாது.
அதை மல்லாத்தினேன்.
கால்களை ஒவ்வொன்றாகப் பின்னுக்கு வளைத்து
அப்படியே ஈயம் வைத்தேன்,
படகுத் தளத்தில் கவிழ்த்துப் போட்ட
ராஜ நண்டு மாதிரி.

ஒன்பதுக்கு வந்தது குன்வோர்,
கத்தி கீறிய கட்டைவிரலோடு, சிவப்புப் பூச்சு கேட்டு.
விரல்கள் உள்ளே போயின. வெளிச்சம் வந்தது.
நான் கதவருகே, காலணி கழற்றாமல்.

ஐம்பத்தெட்டில் தானாக அணைந்தது.
சோல்வி நிறுத்தவில்லை,
ஐம்பத்தொன்பது, அறுபது என்று
இருட்டுக்கு எண்ணி முடித்தாள்.
என் பக்கம் திரும்பவேயில்லை.
நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு,
சரி சொல்லு குன்வோர், என்றாள்,
உன் மருமகன் படகை நிஜமாகவே விற்றுவிட்டானா?