பதினொரு மில்லிமீட்டர்

மண்டபத்தில் கச்சான் காலம்.
சாத்திய ஜன்னலையும் மீறி
தராசுத் தட்டில் மணல் எடை காட்டுகிறது.

உச்சிப்புளி ரோட்டோரச் சீமைக்கருவேலில்
சுரண்டி வந்த பிசின்
இரவெல்லாம் நீரில் ஊறிக் கொழகொழத்து
யாருக்கும் கெடுதல் நினைக்காமல் கிடந்தது.
முதல் சோதனையில் கிருமிகள்
அதைத் தின்றே பெருகின.
சர்க்கரைச் சங்கிலிதானே,
விருந்து வைத்தவள் நான்.

பிறகு காரம் விட்டேன். அறுபது டிகிரிச் சூடு.
கண்ணியில் இங்கொன்றும் அங்கொன்றுமாய்
நேர்மின் ஏறிய நைட்ரஜனைத் தொங்கவிட்டேன்.
எதிர்மின் தோல் போர்த்த கிருமி
தானே வந்து ஒட்டும்,
தோல் கிழியும்.

தூண்டில் மாதிரி, என்றேன் ஜெனிட்டாவிடம்.
இரை எது?
இரையேதான் முள்.

ஜெனிட்டா பாசி எடுக்கிறவள்.
பாறை கிழித்த பெருவிரலில்
சேலைக் கிழிசல் சுற்றியிருக்கிறாள்.
ஆறு நாளாகச் சீழ்.

இன்று காலை தட்டை வெளிச்சத்தில் பிடித்தேன்.
மங்கிய கிருமிப் படலத்தின் நடுவே
பிசினில் நனைத்த பருத்தித் துண்டு,
அதைச் சுற்றி ஒரு தெளிவு.
அளந்தேன். பதினொன்று.

குனிந்து பார்த்தவள் சிரித்தாள்:
அகல்வட்டம் பகல்மழை.
எனக்கு இதை எப்பக் கட்டுவ?

எலி, முயல், அனுமதிக் காகிதம்...
வருஷங்களை எண்ணத் தொடங்கினேன்.
நீட்டிய விரலை அவள் மடக்கவில்லை.
ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறு, என்றேன்.
நாளைக்கு நல்ல நீர்வத்தம்,
கடலுக்குப் போகணும், என்று இறங்கிவிட்டாள்.

மறுநாளும் அளந்தேன்.
பதினொன்றேதான்.