தாமதத்திற்கான காரணம்

சாவ்ஸ்கி மோஸ்த்திலிருந்து டூபெட்ஸ் வரை
டிராமில் நாற்பத்தெட்டு நிமிடம்.
கழிவறை இரண்டு முனையில் மட்டும்.
நடுவில் எனக்கென்று இருப்பவை
இருக்கைக்குப் பின்னால் கொக்கியில் தொங்கும்
ரொட்டிக்கடைப் பைகள்,
ஒன்றுக்குள் ஒன்றாக, இரண்டிரண்டு.
(ஒற்றைப் பை ஒழுகும்.
அதை முதல் வாரமே கற்றாயிற்று.)

எந்த நிறுத்தத்தில் எத்தனை விநாடி
கதவு திறந்திருக்குமென்று
என் வயிற்றுக்கு மனப்பாடம்.
மருத்துவமனை வாசலில் பதினெட்டு.
சந்தையில் இருபத்தைந்து, ஆனால் பயனில்லை:
புளித்த முட்டைக்கோஸ் வாளியோடு ஏறுகிறார்கள்,
ஆளுக்கு முன்பே வாடை ஏறிவிடுகிறது,
ஓட்டுநர் அறைக் கதவின் கீழிடுக்கு வழியே
என் மடிமேல் உட்கார்ந்துகொள்கிறது.

நாள் தள்ளிப்போனது நவம்பரில்.
அன்றிலிருந்து
தண்ணீருக்குக்கூட வாசனை இருக்கிறது.
ஸ்டீயரிங் இல்லாத வண்டியில்
பிடித்துக்கொள்ள ஒரே ஒரு நெம்புகோல்;
அதன் இரும்பை நக்கியதுபோல் வாயெல்லாம்.
இஞ்சி என்கிறார்கள்.
சாமந்தித் தேநீர் என்கிறார்கள்.
எழுந்ததும் படுக்கையிலேயே காய்ந்த ரொட்டி என்கிறார்கள்.
எல்லாவற்றையும் இருமுறை ருசித்துவிட்டேன்,
உள்ளே போகும்போதும்
வெளியே வரும்போதும்.

கிரேஷோ பால்கனியில் பனியில் நின்று
முட்டை பொரிக்கிறான்,
கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு.
கம்பளித் தொப்பியோடு அங்கேயே தின்கிறான்.
உள்ளிருந்து பார்க்கிறேன்.
அவன் மேல் அன்பு பொங்குகிறது,
கூடவே மற்றதும்.

மசக்கைதான், மூன்று மாதத்தில் சரியாகும் என்றார் டாக்டர்.
பிறகு எடை பார்த்தார். ஏழு கிலோ.
சிறுநீரில் தோய்த்த காகிதத்தின் ஊதாவைப் பார்த்தார்.
இது வெறும் மசக்கை இல்லை என்றார்.
இரண்டு இரவு சலைன் ஏறியது.
மூன்றாம் நாள் காலை நாலரைக்கு
கையில் பஞ்சு ஒட்டியிருக்க டிப்போவில் நின்றேன்.
என் ஒப்பந்தம் பிப்ரவரி இறுதி வரை.
மேற்பார்வையாளர் நெவென்காவிடம்
வயிற்றுப் புண் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.
பெல்ட்டில் புது ஓட்டை நானே போட்டது,
கிரேஷோவின் துளைக்கருவியால்.

ஒன்று சொல்ல வேண்டும், யாரிடமும் சொன்னதில்லை.
சில இரவுகளில், குளியலறைத் தரையில் கன்னத்தை வைத்து,
போதும், போய்விடு என்று சொல்லியிருக்கிறேன்.
யாரைச் சொன்னேன் என்று
யோசிக்காமல் பார்த்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை,
ரயில் பாலத்தைத் தாண்டி, நிறுத்தமே இல்லாத இடத்தில்
பைகள் தீர்ந்துபோயின.
பிரேக் போட்டேன். கதவைத் திறந்தேன்.
தண்டவாளத்துக்கு அப்பால் சுத்தமான பனி;
அதில் மண்டியிட்டேன்.
முழு வண்டியும் கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்தது.
ஒருவர் தன் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.
ஒரு பள்ளிப் பையன் படம் எடுத்தான்.
பச்சை கோட்டு அணிந்த பெண்
எழுந்து வரப்போவதுபோல் பட்டது,
வரவில்லை.
கையைப் பனியால் துடைத்துக்கொண்டு ஏறி
மைக்கில் அடுத்த நிறுத்தத்தின் பெயர் சொன்னேன்.
குரல் நன்றாகத்தான் இருந்தது.

நான்கு நிமிடத் தாமதம். படிவம் எழுத வேண்டும்.
மின்தடை, ஒரு கட்டம்.
விபத்து, ஒரு கட்டம்.
பயணிக்கு உடல்நலக் குறைவு, ஒரு கட்டம்.
ஓட்டுநருக்கு உடம்பு உண்டென்று
அச்சகத்தில் யாருக்கும் தோன்றவில்லை.
பாதையில் தடை: அதில் குறியிட்டேன்.

நெவென்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
தாளைத் திருப்பித் தள்ளினாள்.
கடைசி வரியை விட்டுவிட்டாயே, மிர்த்தா.
தடை அகற்றப்பட்டதா? ஆம், இல்லை.
ஒன்றை அடி.

பேனா அங்கேயே நின்றது.
வெளியே ஒரு வண்டி உப்பு தூவிக்கொண்டு போனது.
மேசையில் அவள் காப்பி;
மூச்சை வாயால் விட்டேன்.
'ஆம்' என்பதை அடித்தேன்.
குறிப்பு என்ற இடத்தில்
பயணம் தொடர்ந்தது என்று எழுதினேன்.

அவள் அதை வாசித்தாள்.
என் பெல்ட்டைப் பார்த்தாளா, தெரியவில்லை.
முத்திரை குத்தினாள்.
காப்பிக் கோப்பையை எடுத்து
ஜன்னலுக்கு வெளியே வைத்தாள்.
ஐந்து பன்னிரண்டுக்கு உன் வண்டி என்றாள்.

போகும் வழியில் ரொட்டிக்கடையில்
பத்துப் பைகள் வாங்கினேன்.
ரொட்டி வேண்டாமா என்று கேட்டார்கள்.